நடக்காத விபத்தின் செலவு

1

இந்தக் கதை எனக்கு மெட்ரோ ரயிலில் கிடைத்தது. குகட்பள்ளியில் நாங்கள் இருக்கும் ஹவுசிங் போர்டு காலனியில் எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருப்பவர் ஒருநாள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். தமிழ்க்காரர் என்று முகப்பழக்கம் உண்டு. இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் ஓடவில்லை என்றேன். கீழே சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்ககிட்டயும் ஒரு லாரி இருந்துச்சு. பிரேக்கை முழுசா மாத்தினேன். அப்புறம் ஒண்ணுமே நடக்கலை. அதனாலதான் எல்லாம் போச்சு."

அவர் இறங்கிப் போன பிறகும் அந்த நான்கு வாக்கியங்கள் என்னோடு வந்தன. மிச்சத்தைப் பல நாட்களில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுதிக்கோங்க. ஆனா கதைக்காக யாரையும் சாகடிச்சுடாதீங்க. நான் அவ்ளோ செலவு பண்ணதே அதுக்குத்தான்."

ஆகவே உங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் லாரி மோதி யாரும் சாகமாட்டார்கள். (சாகடித்துப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு.)

அவருக்குப் பத்மஜா என்று பெயர் வைத்திருக்கிறேன். ரயிலில் அவர் 'அவர்'. கதைக்குள் நுழைந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 'அவர்' என்று எழுதும்போது என்னால் அவருடைய சமையலறை வரை போக முடியவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த லாரியின் பிரேக் பழுதானது."

அடித்துவிட்டேன். பிரேக் ஒரே நாளில் பழுதாவதில்லை, அது தேய்கிறது. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். கால் அதற்குப் பழகிக்கொள்ளும். நாளை இன்னும் கொஞ்சம்.

இரண்டாவது: "பாலத்து இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. டிரைவர் யாதகிரி காலை ஊன்றினார். பெடல் உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஒரு வேன்"

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பயந்ததற்குக் காரணமே அதுதான். இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்திருப்பீர்கள், நானும் அந்தப் பிள்ளைகளை விட்டுக்கொடுத்திருப்பேன்.

மூன்றாவது தொடக்கத்தில் விறுவிறுப்பு இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பத்மஜா காஞ்சன்பாக்கில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அருணாசலம் அங்கே ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, பஸ்ஸிலும் கடையிலும் தக்கனி உருது. 'ஆமாம்' என்று சொல்லவேண்டிய இடத்தில் இன்றும் அவளுக்கு 'ஹவ்' என்றுதான் வாயில் வரும்.

அவள் கணவர் ஜெகதீஸ்வரன் சங்ககிரிக்காரர். அண்ணன், மாமன், மச்சான் என்று வீட்டில் எல்லோருக்கும் லாரிதான் தொழில். அவர் ஒருவர்தான் டிப்ளமா படித்து, லாரிப் பிழைப்பே வேண்டாம் என்று ஹைதராபாத் வந்து, சனத்நகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். கம்பெனி மூடப்பட்டபோது கையில் கிடைத்த தொகையில் கடைசியில் அவர் வாங்கியதும் லாரிதான். ஆறு சக்கர வண்டி, ஏற்கெனவே ஒருவர் ஓட்டி விற்றது. மகள் பெயரில் 'வர்ஷினி டிரான்ஸ்போர்ட்' என்று நெற்றியில் எழுதினார்கள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். போன், பில், வரி, பர்மிட் எல்லாம் பத்மஜாவின் பொறுப்பு. வண்டியும் ஆளும் ஜெகதீஸ்வரனுடையது.

சனத்நகரில் ஒரு வார்ப்படப் பட்டறை. அங்கே செய்யும் இரும்பு வார்ப்புகளை நகரத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். விடிந்து, கனரக வண்டிகளுக்கு நோ என்ட்ரி தொடங்குவதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும். தினமும் ஒரே சரக்கு, ஒரே பாதை, நடுவில் ஒரு பாலத்து இறக்கம். அந்த ஒரு ஒப்பந்தத்தில்தான் குடும்பம் ஓடியது.

டிரைவர் யாதகிரி மஹபூப்நகர் பக்கம். ஜெகதீஸ்வரனைவிட ஓரிரு வயது மூத்தவர். முதலில் இருந்தே இந்த வண்டிதான். ஒருநாள் டெலிவரி சலானைக் கொடுக்க வந்தவர் போகாமல் நின்றார்.

"மேடம், பண்டி ஒரு பக்கமா குஞ்சுதுந்தி. சார்கிட்ட செப்பினேன். மீரு கூட செப்பண்டி."

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். வழக்கமாக வண்டி விஷயத்தை அவளிடம் அவர் பேசியதே இல்லை. அன்று பேசினார்.

(இந்த இடத்தில் ஜெகதீஸ்வரனைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் பத்மஜா சொன்ன மனிதர் அந்த உருவத்துக்குள் அடங்கவில்லை. யாதகிரி சொன்ன அன்றே அவர் கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சரக்கோடு அந்த இறக்கத்தில் போய்வந்தார். பிறகு தானே ஸ்டியரிங்கைப் பிடித்து இன்னொரு முறை இறங்கினார். தன் உயிரை வைத்துச் சோதித்துப் பார்த்த ஆளைக் கஞ்சன் என்று எப்படி எழுதுவது?)

4

மெக்கானிக் கவுஸ் பாயின் ஷெட் பாலாநகர் போகும் சாலையில். பாங்க் வேலைக்காக அன்று ஸ்கூட்டரில் கணவரோடு வந்த பத்மஜாவும் அங்கே நின்றாள். பின்பக்கத்து இடது சக்கரத்தை மட்டும் கழற்றியிருந்தார்கள். கவிழ்த்த அண்டா போல டிரம் தரையில் கிடந்தது. கவுஸ் பாய் டீசல் துணியால் அதன் உள்புறத்தைத் துடைத்துவிட்டு, "தேக்கோ சார், பால் ஜைசா கிராக்" என்றார். மயிரிழை போல ஒரு வெடிப்பு.

ஜெகதீஸ்வரன் குனிந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இது சூட்டுல வர்ற கீறலு, பாய். எல்லா டிரம்முலயும் இருக்கும். லேத்துல கடைஞ்சா போயிரும்."

கடைந்தால் போகும், ஆனால் டிரம் மெலிந்துவிடும், முன்பே கடைந்த டிரம் இது என்றார் கவுஸ் பாய். முன்னும் பின்னும் நாலு பக்கத்து வீலையும் பிரித்து, டிரம், லைனர், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார். எழுபதாயிரத்துக்கு மேல் ஆகும், வண்டி ஒரு வாரமாவது நிற்கும். "ஆப் ஜோ போலே சார், வோ கர்தூங்கா" என்று முடித்துவிட்டு டீ சொன்னார். நீங்கள் எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

கவுஸ் பாய் நியாயமான ஆளா, செலவைக் கூட்டிச் சொன்னாரா? எனக்குத் தெரியாது. பத்மஜாவுக்கும் தெரியாது. நல்லவர் என்று எழுதிவிட்டால் உங்களுக்கு வசதியாக இருக்கும். அந்த வசதி அன்று அவளுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து அவள் கேட்டாள். "மாத்திட்டா என்னங்க?"

"மாத்தலாம். ஒரு வாரம் வண்டி நின்னா பட்டறைக்காரன் சும்மா இருப்பானா? வேற வண்டியப் புடிச்சுப்போடுவான். அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறாங்க. அது கையெழுத்தாகட்டும், நாலு வீலையும் நானே பிரிக்கச் சொல்றேன்."

அந்த ஒரு டிரம் கடையப்பட்டது. அதற்கு மட்டும் புது லைனர் போட்டார்கள். சில நாட்கள் யாதகிரி ஒன்றும் சொல்லவில்லை.

5

சங்ககிரியில் ஜெகதீஸ்வரனின் சித்தப்பா இறந்துபோனார். காரியம் முடித்து வர நாலைந்து நாளாகும் என்று கிளம்பினார்.

அவர் போன மறுநாள் காலை, வர்ஷினி காலேஜுக்குப் புறப்படும் நேரத்தில், யாதகிரி வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

பாலத்து இறக்கத்தில் முன்னால் போன பள்ளி வேன் சட்டென்று நின்றிருக்கிறது. இவர் மிதித்தார். வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், தடுப்புச் சுவரை உரசி, வேனுக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்றது. வேனின் பின்கண்ணாடி வழியாக ஒரு சிறுமி அவரைப் பார்த்து நாக்கை நீட்டிச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு பெரிய வண்டி, அவ்வளவுதான்.

"நேனு இங்க பண்டி எக்கனு, மேடம்" என்றார். இனி வண்டியில் ஏறமாட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார். சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

பத்மஜா போன் செய்தாள். பின்னணியில் சாவு வீட்டுச் சத்தம். ஜெகதீஸ்வரன் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நின்னுதல்ல? அப்ப பிரேக்கு புடிக்குதுன்னுதான அர்த்தம்? சரி, அந்தாளு பயந்துட்டாரு, உடு. நாளைக்கு லோடு போயாகோணும். ஒரு ஆக்டிங் டிரைவரப் போட்டு அனுப்பு. நான் வந்து பாத்துக்கறேன்."

"அவனுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதேங்க."

"டிரைவருக்கு வண்டி தெரியாதா? நீ போனை வையி, இங்க எல்லாரும் நிக்கறாங்க."

(நின்றதால் பிரேக் இருக்கிறது என்பது அவர் கணக்கு. ஒரு ஜாணில் நின்றதால் பிரேக் இல்லை என்பது யாதகிரியின் கணக்கு. இரண்டையும் பலமுறை எழுதிப் படித்துவிட்டேன். இரண்டிலும் ஓட்டை தெரியவில்லை.)

அடுத்த நாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு அவளே சனத்நகர் போனாள். பட்டறை வாசலில் சரக்கேற்றிய வண்டி தயாராக நின்றது. ஏஜெண்ட் அனுப்பிய ஆக்டிங் டிரைவர் வந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் ஸ்பானரால் தட்டி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டான். சாவிக்குக் கை நீட்டியபடி, வழக்கமாக எல்லாரும் கேட்பதுபோல, பதிலை எதிர்பார்க்காமலே கேட்டான்.

"பிரேக் டீக் ஹை நா, மேடம்?" பிரேக் சரிதானே என்கிறான்.

இந்த இடத்தில் பத்மஜாவுக்கு நான் ஒரு பக்கம் வசனம் எழுதிவைத்திருந்தேன். உயிரின் மதிப்பு, உழைப்பாளி, தாய்மை என்றெல்லாம். எழுதி முடித்து அவரிடமே வாசித்துக் காட்டினேன். "நான் அப்படியெல்லாம் பேசலைங்க. எனக்கு வாயே வரலை" என்றார். நீக்கிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். 'ஹவ்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்க யோசிக்காமல் சொல்லிவந்த சொல். அது வரவில்லை. அவன் கை நீட்டியபடியே இருந்தது. அவள் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நக்கோ" என்றாள். "ஆஜ் காடி நக்கோ." இன்று வண்டி வேண்டாம்.

அவன் குழம்பிப் போய், ஒருநாள் கூலி என்னாவது என்று கேட்டான். கொடுத்தனுப்பினாள். சரக்கை இறக்கச் சொன்னபோது பட்டறை மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாதகிரிக்குப் போன் செய்து, காலி வண்டியை மெதுவாக ஓட்டி ஷெட்டில் மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். அவர் வந்தார்.

கவுஸ் பாய் கேட்டது ஒரே கேள்வி. சாரைக் கேட்டுவிட்டீர்களா?

"ஹவ்" என்றாள். இப்போது வந்தது.

6

நான்கு பக்கத்துச் சக்கரங்களையும் கழற்றி வண்டியைக் கட்டைமேல் நிறுத்தினார்கள். வலது பின்பக்கத்து டிரம்மைப் புரட்டியபோது கவுஸ் பாய் அவளைக் கூப்பிட்டார். அதிலும் வெடிப்பு. இது மயிரிழை இல்லை. அவர் நகத்தை வைத்து இழுத்தபோது நகம் உள்ளே சிக்கியது.

அதன் நீளம் எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டும். முதல் வரைவில் இரண்டு அங்குலம் என்று எழுதினேன். அடுத்ததில் டிரம்மின் அகலம் முழுக்க ஓட விட்டேன். பிறகு ஒரு விரற்கடையாகக் குறைத்தேன். இப்போது எழுதாமல் விட்டிருக்கிறேன்.

போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "எனக்கு சாட்சி வேணும்னு அப்போ தோணலை. வண்டி சரியாகணும்னுதான் தோணிச்சு" என்றார்.

வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் என்று கணக்கில் வைத்திருந்த தொகை ஷெட்டுக்குப் போனது. கணவரின் போனை இரண்டு நாள் அவள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே பட்டறைக்கு அடித்துக் கேட்டு, பஸ் பிடித்து, நேராக ஷெட்டுக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்தார். தலை மொட்டையடித்திருந்தது. அதனாலோ என்னவோ, கோபப்பட்ட முகமாகவே தெரியவில்லை. யாரோ ஒருவர் வீடு மாறி வந்துவிட்டதுபோல நின்றார்.

"பட்டறைக்காரன் வேற வண்டிக்கு ஒப்பந்தம் போட்டுட்டான். தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் பத்மா இப்படிப் பண்ணிப்போட்ட? ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் பொறுக்க முடியலையா உனக்கு?"

"அந்தப் பையன் பிரேக் நல்லா இருக்கான்னு கேட்டான். என்னால சொல்ல முடியலை."

"எவன்?"

"ஆக்டிங் டிரைவர்."

"பேரு என்ன அவனுக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவே இல்லை. ஜெகதீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேரு தெரியாத ஒருத்தனுக்காக" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பிறகு கேட்டார்: "பழைய டிரம்மெல்லாம் எங்க?"

"காயலாங்கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"நான் ஒருதரம் பாத்திருப்பேனே. பாத்திருந்தா சொல்லியிருப்பேன். ஒண்ணும் ஆயிருக்காது, பத்மா. எங்க ஊர்ல அதைவிட மோசமான டிரம்மு ரெண்டு வருசம் ஓடியிருக்குது."

"ஆகியிருந்தா?"

"ஆகலையே!"

இவ்வளவு நேரம் தணிந்திருந்த குரல் அந்த ஒரு சொல்லில் வெடித்தது. உள்ளறையில் இருந்து வர்ஷினி எட்டிப் பார்த்தாள். தமிழ் எல்லாம் புரியும், பேச வராது. அவர் குளிக்கப் போன பிறகு அம்மாவின் அருகில் வந்து, "ப்ளீஸ் மா, டாடிக்கி சாரி செப்பேயி" என்றாள்.

"எதுக்குடி சாரி?"

"ஐ டோன்ட் நோ. ஊரிக்கே."

சும்மாவேனும் சொல்லிவிடு என்கிறாள். பத்மஜா அன்று சொல்லவில்லை.

7

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கமாகத்தான் நடந்தது. புது பிரேக் போட்ட வண்டி ஷெட்டில் இருந்து வெளியே வந்தது. ஏற்றச் சரக்கு இல்லை. உதிரி வாடகைக்கு அலைந்து பார்த்தார்கள். வரி கட்ட வேண்டிய நாள் வந்தபோது வண்டியை விற்றார்கள். வாங்க வந்தவர் ஜஹீராபாத்காரர். ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் கத்தி மாதிரி இருக்கிறது என்று மெச்சினார். அதற்காக விலையில் ஒரு பைசா கூட்டவில்லை.

ஜெகதீஸ்வரன் ஐம்பத்துச் சொச்ச வயதில் வேறொருவர் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். பத்மஜா அமீர்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறாள். அதனால்தான் எனக்கு மெட்ரோவில் கிடைத்தார்.

யாதகிரி வேறு வண்டி தேடிக்கொண்டார். அவர் நன்றி சொன்னாரா என்று கேட்டேன். பத்மஜா சிரித்தார். பாக்கி சம்பளத்தை வாங்க வந்தவர், "முந்தியே செய்திருக்கலாம் மேடம், எனக்கு ஒரு மாத வேலை போயிற்று" என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாராம். அதில் தப்பில்லை என்றும் சொன்னார்.

வீட்டில் சண்டை இல்லை. காய்கறி, மகள் படிப்பு, கரண்ட் பில் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். லாரி என்ற சொல் மட்டும் வருவதில்லை. டிவியில் ஏதாவது விபத்துச் செய்தி ஓடினால் இருவரும் ஒரே சமயத்தில் ரிமோட்டைத் தேடுகிறார்கள்.

8

இங்கே கதை நின்றுபோனது. வாரக்கணக்காக முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. புது வேலையில் யாதகிரிக்குக் கிடைத்தது அதைவிடப் பழைய வண்டி. ஒருநாள் ஓர் இறக்கத்தில்... (எழுதினேன். இரண்டு பக்கம். பத்மஜா மருத்துவமனைக்கு ஓடுகிறாள், வராந்தாவில் ஜெகதீஸ்வரன் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். அழ வைக்கும் பக்கங்கள். கிழித்துவிட்டேன்.)

ஆ. காயலாங்கடையில் அந்த டிரம் அகப்படுகிறது. விவரம் தெரிந்த ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரத்தில் இரண்டாகப் பிளந்திருக்கும் என்கிறார். ஜெகதீஸ்வரன் தலை குனிகிறார். (டிரம் என்றைக்கோ உருகிப் போயிருக்கும்.)

இ. ஒப்பந்தத்தைப் பறித்துக்கொண்ட அந்த இன்னொரு வண்டி, அதே இறக்கத்தில்

இதை முடிக்கவும் இல்லை. மூன்றிலும் நான் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பத்மஜா செய்தது சரி என்று காட்ட ஒரு பிணத்தையோ, பிணத்துக்கு ஈடான ஒரு பொருளையோ தேடினேன். செலவு செய்தாயே, பதிலுக்கு என்ன வந்தது என்று கதையும் கேட்கிறது, ஜெகதீஸ்வரனும் கேட்கிறார். வந்ததெல்லாம் ஒரு வெறும் காலைப்பொழுது. ஒரு வேன் பாலத்தில் இறங்கிப் போனது. பெயர் தெரியாத ஒருவன் வேறு வண்டிக்குப் போனான். அவன் இன்று எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், தனக்கு ஏதும் கொடுக்கப்பட்டதென்று அறியாமல். ஒருவேளை கொடுக்கப்படவே இல்லையோ என்னவோ. இதை யாரால் எழுத முடியும்?

நான் எழுதுவதை விட்டுவிட்டேன் என்று பத்மஜாவிடம் சொன்னேன். ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன் அவர், போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றைச் சொன்னார்.

9

மத்தியானச் சாப்பாடு. வர்ஷினி சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். இருவர் மட்டும். பத்மஜா ரசம் ஊற்றினாள். ஜெகதீஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், உப்புக் கேட்பதுபோலக் கேட்டார்:

"அந்த வலது பின் டிரம்மு. நீ பாத்தயல்ல?"

அவள் கரண்டியை வைத்தாள். "பாத்தேன்."

"கிராக்கு எவ்வளவு நீளம் இருந்துது?"

ஒன்றரை வருஷம் கழித்து வந்த கேள்வி. அவர் குரலில் சண்டை இல்லை. அவருடைய கை மட்டும் பிசைவதை நிறுத்தியிருந்தது. தான் இழந்தது எதற்காவது ஆயிற்றா என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவருடைய கேள்வி அது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. பெரிதாகச் சொன்னால் அவருக்கு நிம்மதி. தன் வண்டி, தன் ஒப்பந்தம் எல்லாம் வீணாகப் போகவில்லை என்று இருக்கும். கூடவே, தன் கையால் ஒருவனைச் சாவுக்கு அனுப்பப் பார்த்தோம் என்றும் இருக்கும். சின்னதாகச் சொன்னால் அந்தப் பாரம் இறங்கிவிடும், பழைய கோபம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அந்த வெடிப்பை அவள் எத்தனையோ ராத்திரி நினைத்துப் பார்த்துவிட்டாள். நினைக்கும்தோறும் அது சிலநாள் நீண்டது, சிலநாள் சுருங்கியது. நகம் சிக்கியது மட்டும் நிச்சயம்.

வாயால் சொல்லவில்லை. வலது கையைத் தூக்கினாள். நீளம் காட்டுவதற்காகக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்தாள்.

இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் விரல்கள் அகலமாக விரிகின்றன. ஜெகதீஸ்வரன் பார்த்துவிட்டு "அவ்வளவா!" என்கிறார். இன்னொன்றில் விரல்களுக்கு நடுவே கொஞ்சம்தான் இடைவெளி. அவர் "அவ்வளவுதானா?" என்கிறார். இரண்டிலும் அதற்குப் பிறகு ஒரே வரிதான் வருகிறது: அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

பத்மஜா எந்த அளவைக் காட்டினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் இறங்கிப் போனார். கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றுகிறது. அதனால்தான் கேட்காமல் இருக்கிறேன்.

இப்போது நீங்கள் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரசத்தின் ஆவி எழுகிறது. எதிரே ஒருவர் கையைச் சோற்றில் வைத்தபடி உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காட்டுங்கள்.